பயிற்சி வகுப்பறைக்குப் போய்ச் சேர்ந்ததா?
சிறுநிதி ஆய்வில் இறங்கும் இளைய ஆசிரியர்களுக்குப் பத்து அறிவுரைகள்

நெய்வேலி, வடலூர், விருத்தாசலம், பண்ருட்டி வட்டாரக் கல்லூரிகளில் புதிதாகப் பணிக்குச் சேர்ந்தவர்கள் என்னைப் பார்க்க வந்தால், பேச்சு எப்படியும் ப்ராஜெக்ட் பக்கம் திரும்பிவிடும். நிலக்கரிச் சாம்பல், சுரங்க நீர், முந்திரி, பலா என்று தலைப்புகள் வரிசையாக வரும். நல்ல தலைப்புகள்தான். ஆனால் கண்ணெதிரே இருந்தும் அதிகம் பேர் கை வைக்காத தலைப்பு ஒன்று உண்டு. ஆசிரியர்களுக்கு ஆண்டு முழுக்க நடக்கும் பயிற்சிகளால் மாணவருக்கு என்ன கிடைத்தது?

1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு பல்கலைக்கழகங்களில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்கள் தொடங்கப்பட்டன. சென்னை, மதுரை, திருச்சி, கோவை என்று நம் மாநிலத்திலும், பக்கத்தில் புதுவையிலும் அவை வந்தன. பின்னர் அவை மனிதவள மேம்பாட்டு மையங்களாகப் பெயர் மாறின. 2023 முதல் மாளவியா மிஷன் பயிற்சி மையங்களாக இயங்குகின்றன. பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கென்று தரமணியில் 1964 முதலே ஒரு நிறுவனம் இருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் ஓரியண்டேஷனுக்கும் ரிஃப்ரெஷருக்கும் போய் வந்த ஆசிரியர்கள் ஏராளம்.

அந்தப் பயிற்சிகளின் கடைசி நாள் மாலையை நினைத்துப் பாருங்கள். மேசையில் சான்றிதழ்கள் அடுக்கியிருக்கும். வாசலில் டீ தயார். ஊருக்குப் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்போது கருத்துப் படிவம் ஒன்று சுற்றுக்கு வரும். அதைக் கொடுத்தால்தான் சான்றிதழ். எல்லோரும் 'மிக நன்று' என்ற கட்டத்தில் மேலிருந்து கீழாக டிக் அடித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்புவார்கள். மறுநாள் அறிக்கையில் பயிற்சி மாபெரும் வெற்றி என்று எழுதப்படும். பயிற்சி பெற்றவர் திங்கட்கிழமை காலை வகுப்பில் என்ன செய்தார் என்று கேட்க ஆளில்லை.

இங்கிலாந்தில் 1993 முதல் இயங்கும் சீடா என்ற உயர்கல்வி ஆசிரியர் மேம்பாட்டுச் சங்கம் இதுபோன்ற கேள்விகளை ஆராயச் சிறிய ஆய்வு நிதிகளை வழங்கி வந்திருக்கிறது. ஆயிரம் பவுண்டு அளவிலான தொகைதான். நம் ஊரில் இந்தப் பெயரில் தனி நிதி இல்லாவிட்டாலும், தட்டினால் திறக்கும் கதவுகள் உண்டு. அந்தக் கதவைத் தட்டப் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

1. கேள்வியைச் சுருக்குங்கள்.

விண்ணப்பம் எழுத உட்கார்ந்ததும் 'தமிழ்நாட்டு உயர்கல்வியில் ஆசிரியர் பயிற்சியின் தாக்கம்' என்று தலைப்புப் போடத்தான் கை போகும். ஐம்பதாயிரம் ரூபாயில் தமிழ்நாட்டை அளக்க முடியாது. உங்கள் கல்லூரி, ஒரு பயிற்சி, ஒரு மாற்றம் என்று குறுக்கிக்கொள்ளுங்கள். 'கேள்வி கேட்டு நடத்தும் முறையில் பயிற்சி பெற்ற எட்டு ஆசிரியர்கள், ஒரு செமஸ்டர் கழித்தும் அந்த முறையைக் கையாளுகிறார்களா?' என்று கேட்டால் அதற்கு விடை கிடைக்கும். ஆம் என்றோ, இல்லை என்றோ, பாதிப் பேர் என்றோ தெளிவாகச் சொல்லக்கூடிய கேள்விதான் சிறுநிதிக்கு ஏற்ற கேள்வி.

2. எந்தக் கதவு என்று தெரிந்து தட்டுங்கள்.

ஒரு காலத்தில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் மைனர் ரிசர்ச் ப்ராஜெக்ட்தான் கல்லூரி ஆசிரியர்களின் முதல் படி. பன்னிரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தில், அதாவது 2012–17இல், அறிவியல் பாடங்களுக்கு ஐந்து லட்சம் வரையும் கலைப் பாடங்களுக்கு மூன்று லட்சம் வரையும் அதில் கொடுத்தார்கள். அந்தக் காலத்தை மனத்தில் வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். மாநில உயர்கல்வி மன்றம், இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் ஆகியவற்றின் அறிவிப்புகளைத் தவறாமல் பாருங்கள். உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பு, தர மேம்பாடு பற்றிய கருத்தரங்குக்குக் கல்லூரிகளுக்கு உதவித்தொகை வழங்கியதுண்டு.

இவற்றுக்கெல்லாம் முன்னால் உங்கள் முதல்வர் அறைக் கதவைத் தட்டுங்கள். கல்லூரி தன் ஆசிரியர்களுக்கு ஆய்வுத் தொடக்கப் பணம், அதாவது சீட் மணி, கொடுக்கிறதா என்பதைப் பல்கலைக்கழகங்களிலும் தன்னாட்சிக் கல்லூரிகளிலும் நாக் கேட்கிறது. ஆகவே நிர்வாகத்துக்கும் இது தேவையான செலவு. உள் தர உறுதிப் பிரிவின் ஒருங்கிணைப்பாளரைக் கூட்டாளியாக்கிக்கொள்ளுங்கள். பயிற்சி நடத்துவதே பெரும்பாலும் அவர்தான். பலன் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் ஆளும் அவரே.

3. பயிற்சிக்கு முன்பே அளந்துவிடுங்கள்.

பத்து அறிவுரைகளில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். நம் நெய்வேலிச் சுரங்கங்களில் நிலக்கரிப் படுகைக்கு அடியில் நீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. இரவு பகலாக இறைத்து அந்த அழுத்தத்தைக் குறைத்தால்தான் வெட்ட முடியும். இறைப்பதோடு நிறுத்தாமல், கண்காணிப்புக் கிணறுகளில் நீர்மட்டத்தைத் தொடர்ந்து அளக்கிறார்கள். முந்தைய மட்டம் குறிப்பில் இல்லையென்றால், எவ்வளவு இறங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆசிரியர் பயிற்சியும் அப்படித்தான்.

பயிற்சி முடிந்த பிறகு வந்து 'மாற்றம் தெரிகிறதா?' என்று கேட்டால், தெரிகிறது என்றுதான் எல்லோரும் மரியாதைக்குச் சொல்வார்கள். பயிற்சிக்கு இரண்டு வாரம் முன்பே அந்த ஆசிரியர்களின் வகுப்பைப் பாருங்கள், அவர்கள் தயாரித்த கேள்வித்தாளை வாங்கி வையுங்கள், மாணவரிடம் நான்கு கேள்வி கேட்டு எழுதி வையுங்கள். நிதி வருவதற்கு முன் பயிற்சி நடந்துவிடும் என்றால், நிதிக்காகக் காத்திருக்க வேண்டாம். முன்னளவு எடுக்கப் பெரிய செலவு ஒன்றுமில்லை.

4. எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959இலும் அடுத்த ஆண்டிலும் எழுதிய கட்டுரைகளில், பயிற்சியின் பலனை நான்கு படிகளாகப் பிரித்தார். பிடித்திருந்ததா? கற்றுக்கொண்டார்களா? வேலையில் நடைமுறை மாறியதா? அதனால் நிறுவனத்துக்கு விளைவு கிடைத்ததா? தொழிற்சாலைப் பயிற்சிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது இது. கல்லூரிக்கும் அப்படியே பொருந்தும்.

டீ நேரத்துப் படிவம் முதல் படியோடு நின்றுவிடுகிறது. பயிற்சி முடிவில் வைக்கும் சிறு தேர்வு இரண்டாம் படி. நமக்கு வேண்டியது மூன்றாம் படி. வகுப்பறையில் நடைமுறை மாறியதா? நான்காம் படியான மாணவர் தேர்ச்சியைச் சிறுநிதி ஆய்வில் தொடுவது அரிது. தேர்ச்சி விகிதத்தை வினாத்தாளின் கடினம், விடைத்தாள் திருத்தம், சேர்ந்த மாணவரின் பின்னணி எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கின்றன. மூன்றாம் படியை ஒழுங்காக அளந்தவர் நான்காம் படியைப் பற்றி அடக்கமாகப் பேசுவார். அந்த அடக்கமே உங்கள் அறிக்கைக்கு மதிப்புச் சேர்க்கும்.

5. வகுப்பறைக்குள் போய் உட்காருங்கள்.

ஆசிரியர் தன் வகுப்பைப் பற்றிச் சொல்வதும் வகுப்பில் நடப்பதும் ஒன்றாக இருப்பதில்லை. 'நான் கலந்துரையாடல் முறையில்தான் நடத்துகிறேன்' என்று மனமாரச் சொல்கிறவரின் வகுப்பில் ஐம்பது நிமிடமும் அவர் குரலே கேட்கும். அவர் பொய் சொல்லவில்லை. 'யாருக்காவது சந்தேகம் இருக்கா?' என்று நடுநடுவே கேட்டதே கலந்துரையாடல் என்று நம்புகிறார்.

இதைப் பார்க்க எளிய கருவி உண்டு. 2013இல் பிரிட்டிஷ் கொலம்பியா, மெய்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கோபஸ் என்ற கண்காணிப்புத் தாளை வெளியிட்டார்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஆசிரியர் என்ன செய்கிறார், மாணவர் என்ன செய்கிறார் என்று குறித்துக்கொண்டே போக வேண்டும். நல்ல வகுப்பா, கெட்ட வகுப்பா என்ற தீர்ப்புக்கு அதில் இடமே இல்லை. ஐம்பது நிமிட வகுப்பு இருபத்தைந்து கட்டங்களில் அடங்கிவிடும். பயிற்சிக்கு முன் இருபத்து மூன்று கட்டங்களில் ஆசிரியர் மட்டுமே பேசினார், பயிற்சிக்குப் பின் பதினாறில் என்று காட்ட முடிந்தால், அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஒரே வகுப்பை இரண்டு பேர் தனித்தனியாகக் குறித்துப் பாருங்கள். இருவர் தாளும் பெரும்பாலும் ஒத்துப்போகும் வரை பழகிவிட்டுப் பிறகு கணக்கில் எடுங்கள்.

6. மாணவரிடம் தமிழில் கேளுங்கள்.

நெய்வேலிச் சுரங்கங்களை நடத்தும் என்.எல்.சி. நிறுவனத்தின் ஆதரவில் நடக்கும் ஜவகர் அறிவியல் கல்லூரியாகட்டும், விருத்தாசலத்து அரசு கல்லூரியாகட்டும், இந்த வட்டாரத்து வகுப்புகளில் நிரந்தரத் தொழிலாளியின் பிள்ளை, ஒப்பந்தத் தொழிலாளியின் பிள்ளை, சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பத்துப் பிள்ளை, முந்திரித் தோப்பில் கூலிக்குப் போகிறவரின் பிள்ளை எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். பலர் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவர்களே. ஆங்கிலத்தில் அச்சடித்த ஐந்து புள்ளிப் படிவத்தை நீட்டினால் நடுப்புள்ளியில் டிக் அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள்.

தமிழில் கேளுங்கள். நேரடியாகக் கேளுங்கள். 'போன வாரம் இந்த வகுப்பில் நீங்கள் எத்தனை முறை பேசினீர்கள்?' 'புரியாத ஒன்றைச் சொல்லுங்கள்.' 'அதை ஆசிரியரிடம் கேட்டீர்களா? இல்லையென்றால் ஏன்?' இப்படிப்பட்ட கேள்விகளுக்குத் தாளில் இரண்டு வரி எழுத இடம் விடுங்கள். பெயர் வேண்டாம், பதிவெண் வேண்டாம். தாளை வாங்குகிறவர் அந்தப் பாட ஆசிரியராக இருக்கக் கூடாது. இன்டர்னல் மார்க் அவர் கையில் இருக்கிறது என்பதை மாணவர் ஒருபோதும் மறப்பதில்லை. மாலையில் மந்தாரக்குப்பம் பக்கமோ கிராமத்துப் பக்கமோ போகும் கடைசிப் பஸ்ஸைத் தவறவிடும் நேரத்தில் கலந்துரையாடல் வைக்காதீர்கள். வகுப்பு நேரத்திலேயே அனுமதி வாங்கி வையுங்கள்.

7. மிகைப்படுத்தாதீர்கள்.

மதிப்பெண் கூடியது என்பதற்காகப் பயிற்சியால்தான் கூடியது என்று எழுதிவிடாதீர்கள். யாரோ தம்மைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்தாலே மனிதர்கள் சற்றுக் கூடுதலாக உழைப்பார்கள். சிகாகோவை அடுத்த ஹாதோர்ன் தொழிற்சாலையில் 1920களில் தொடங்கிய ஆய்வுகளின் பெயராலேயே அந்த விளைவு இன்றும் அழைக்கப்படுகிறது. முடிந்தால், அதே பாடத்தை நடத்தும், பயிற்சிக்கு இன்னும் போகாத இன்னொரு பிரிவையும் அதே அளவுகோலால் அளந்து பக்கத்தில் வையுங்கள். அவர்களுக்கு அடுத்த செமஸ்டரில் பயிற்சி கொடுத்துவிட்டால் யாருக்கும் குறை இருக்காது.

இயற்பியலில் ரிச்சர்ட் ஹேக் 1998இல் வெளியிட்ட ஆய்வைத் தேடிப் படியுங்கள். 62 வகுப்புகள், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள், ஒரே வகைத் தேர்வு பாடத்துக்கு முன்னும் பின்னும். மாணவரை ஈடுபடுத்திய வகுப்புகள் வெறும் விரிவுரை வகுப்புகளைக் காட்டிலும் ஏறக்குறைய இரண்டு மடங்கு முன்னேற்றம் காட்டின. அவ்வளவு பெரிய முடிவைச் சொல்ல அவ்வளவு பெரிய தொகுப்பு தேவைப்பட்டது. உங்களிடம் எட்டு ஆசிரியர்கள் இருந்தால், எட்டு ஆசிரியரிடம் கண்டது இது என்று எழுதுங்கள். எட்டுப் பேரை வைத்துச் சதவீதம் போட வேண்டாம்.

8. சக ஆசிரியரை வேவு பார்க்காதீர்கள்.

இது அறம் சார்ந்த விஷயம். இதில் தளர்வு கூடாது. நீங்கள் மதிப்பிடுவது பயிற்சியை. பயிற்சிக்குப் போன ஆசிரியரை மதிப்பிட உங்களுக்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை. இன்று பெரும்பாலான தனியார் கல்லூரிகளில் இளைய ஆசிரியரின் வேலை உத்தரவாதம் எவ்வளவு மெல்லியது என்பது உங்களுக்கே தெரியும். அரசு கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்களின் நிலையும் தெரியும். உங்கள் கண்காணிப்புத் தாளில் ஓர் ஆசிரியர் பெயர் இருந்து, அது நிர்வாகத்தின் மேசைக்குப் போனால், அவர் சோற்றில் மண் விழலாம்.

ஆகவே வகுப்புக்குள் நுழையும் முன் சம்மதம் எழுத்தில் வாங்குங்கள். விலகிக்கொள்ளும் உரிமை உண்டு என்று சொல்லுங்கள். பெயருக்குப் பதிலாகக் குறியெண் போடுங்கள். குறியெண் பட்டியலைத் தனியே பூட்டி வையுங்கள். தனி ஆள் விவரம் எவருக்கும் தரப்படாது என்பதை விண்ணப்பத்திலேயே எழுதி முதல்வரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நிர்வாகம் பிறகு கேட்டால் காட்ட அந்தக் கையெழுத்து இருக்கும்.

9. பணத்துக்கு முதல் நாளிலிருந்தே கணக்கு வையுங்கள்.

ஐம்பதாயிரம் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். கணினிப் பதிவுக்கும் எழுத்து வேலைக்கும் உதவும் மாணவருக்குப் பதினைந்தாயிரம், பயணத்துக்கு எட்டாயிரம், அச்சுக்கும் நகலுக்கும் ஐயாயிரம், வெளியிலிருந்து வந்து ஆய்வைப் பரிசோதிக்கும் மூத்தவருக்கு ஆறாயிரம், ஆசிரியர் கூட்டங்களுக்கு ஆறாயிரம், தணிக்கையாளருக்கு மூவாயிரம், முடிவுகளைப் பகிரும் ஒருநாள் பட்டறைக்கு ஏழாயிரம். இப்படிப் பிரித்தால் ஆய்வு நடக்கும். லேப்டாப், பிரிண்டர் என்று கருவியில் பாதிப் பணத்தைப் போட்டால் கருவி மிஞ்சும், ஆய்வு மிஞ்சாது.

ஆட்களின் உழைப்புக்குப் பணம் ஒதுக்கத் தயங்காதீர்கள். மாணவர் உதவியாளருக்குக் காசு கொடுக்காமல் 'அனுபவம் கிடைக்கும்' என்று சொல்லி வேலை வாங்குவது நியாயமில்லை.

மத்திய அரசு நிறுவனப் பணம் என்றால் முடிவில் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். 2017 பொது நிதி விதிகளின்படி அது ஜிஎஃப்ஆர் 12-ஏ படிவத்தில் போக வேண்டும். வங்கிக் கணக்கில் சேர்ந்த வட்டியும் உங்களுடையது அல்ல. அதையும் கணக்கில் காட்டி ஒப்படைக்க வேண்டும். ஒவ்வொரு பில்லின் பின்புறமும் எதற்காக, எந்தத் தேதியில் என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். செலவுத் தலைப்பை மாற்றிச் செலவழிக்க வேண்டி வந்தால், முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி வாங்குங்கள். சிறு தொகையில் நேர்மையாகக் கணக்குக் கொடுத்தவருக்கே பெரிய தொகை தேடி வரும்.

10. முடிவு எதுவானாலும் எழுதுங்கள், அதை ஆசிரியரிடமே முதலில் கொடுங்கள்.

பயிற்சியால் ஒன்றும் மாறவில்லை என்று உங்கள் ஆய்வு சொன்னால் பதற வேண்டாம். ஏன் மாறவில்லை என்று கேளுங்கள். பல இடங்களில் பதில் பயிற்சிக்கு வெளியே இருக்கும். வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் வகுப்பு, அறுபது எழுபது பேர் நெருக்கும் அறை, அலகுத் தேர்வுக்கு முன் பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய அவசரம். புதிய முறை தெரிந்தும் கையாள நேரமில்லை என்று ஆசிரியர்கள் சொன்னால், அதுவே உங்கள் ஆய்வின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு. அடுத்த பயிற்சிக்குச் செலவழிக்கும் முன் நிர்வாகம் கால அட்டவணையைத் திருத்த வேண்டும் என்று எழுதுங்கள். யாரையும் குற்றம் சாட்டாமல், ஆனால் மழுப்பாமல் எழுதுங்கள்.

முதல் பிரதி உங்களுக்கு வகுப்பறைக் கதவைத் திறந்துவிட்ட ஆசிரியர்களுக்கு. அவர்களை உட்காரவைத்துப் படித்துக் காட்டுங்கள். 'இப்படி நடக்கவில்லையே' என்று யாராவது சொன்னால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு உள் தர உறுதிப் பிரிவுக்கு இரண்டு பக்கச் சுருக்கம். அதன் பிறகே இதழ்.

இதழ் விஷயத்தில் ஒரு வார்த்தை. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் 'யுனிவர்சிட்டி நியூஸ்' வார இதழ் போன்றவை இத்தகைய கட்டுரைகளுக்குப் பொருத்தமானவை. பணம் வாங்கிக்கொண்டு மூன்றே நாளில் அச்சேற்றும் இதழ்களின் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். ஏற்கத்தக்க இதழ்கள் இவை என்று 2019இல் வந்த கேர் பட்டியலை 2025இல் யுஜிசியே கைவிட்டுவிட்டது. இனி நல்ல இதழ் எது, போலி எது என்று பார்த்துத் தேர்வது நம் பொறுப்பு.

இளைய நண்பர்களே, பதவி உயர்வுக்குப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும் என்று விதி இருக்கிறது. அதனால் பயிற்சிகள் நடந்துகொண்டேதான் இருக்கும். அவற்றுக்குச் செலவாவது பொதுமக்கள் பணம். அந்த நாட்களில் நின்றுபோவது மாணவர் வகுப்பு. அந்தச் செலவுக்கும் இழப்புக்கும் மாணவர் திரும்பப் பெற்றது என்ன என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு, கேட்கும் கடமையும் உண்டு. வரும் செமஸ்டரில் உங்கள் கல்லூரியில் என்ன பயிற்சி நடக்கப் போகிறது என்று நாளைக்கே விசாரியுங்கள். அது தொடங்குவதற்கு முன்பே முன்னளவை எடுத்துவிடுங்கள். நிதி வந்தாலும் வராவிட்டாலும் அந்த அளவு உங்கள் கையில் இருக்கட்டும்.